ஆமா மேயும் வெளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருந்தார்கள். நான் பேசப்போவதோ கொடைக்கானலில் உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தையும் அதில் மேய்கின்ற ஒரு விலங்கையும் பற்றி. தலைப்பை விட்டு விலகுகிறான் என்று எண்ண வேண்டாம். அந்த மைதானத்து ஓரத்தில் நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வி கவிஞர்களுக்கே உரியது. ஒன்றை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோமோ, அந்தப் பெயருக்கும் அதன் உயிருக்கும் தொடர்பு உண்டா என்பதே அக்கேள்வி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1845இல் அமெரிக்கச் சமயத்தொண்டர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிக் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். 1895இல் கோல்ஃப் சங்கம் தோன்றியது. தூண்பாறைக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பச்சைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனைக்கு அருகே அதன் மைதானம் பரந்து கிடக்கிறது. பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானம் அது. மேடும் பள்ளமுமான புல்வெளி; ஓரங்களில் மரக்கூட்டம்; நினைத்த நேரத்தில் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிடும் மேகம்.

ஒரு விடியற்காலையில் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மூடுபனி பத்தடிக்கு மேல் பார்வையைச் செல்லவிடவில்லை. எதிரே வந்த முதியவர் ஒருவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். விளையாடுவோரின் பைகளைச் சுமக்கும் வேலையில் பல ஆண்டுகள் கழித்தவர் என்று பின்னர் அறிந்தேன். "ஐயா, கொஞ்சம் நில்லுங்க. மாடு நிக்குது. அது போகட்டும், அப்புறம் நாம போகலாம்" என்றார். எந்த மாடு, யாருடைய மாடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பனி சற்றே விலகியது. ஆள் உயரத்துக்குத் தோள் உயர்ந்த ஒரு கரிய உருவம், வெள்ளைக் காலுறை அணிந்தாற்போன்ற நான்கு கால்களில், பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டிருந்தது. "சாதுவாகத்தான் நிற்கிறது" என்றேன். "அப்படி உடம்பைக் காட்டிக்கிட்டு நின்னா சாதுன்னு அர்த்தம் இல்லீங்க. நான் எவ்வளவு பெரிசு, பாத்துக்கோன்னு சொல்லுது" என்றார் அவர்.

அவர் சொன்னதை விலங்கியலாரும் சொல்கிறார்கள். இவ்விலங்கின் ஆண், எதிரியின்முன் தன் பக்கத்தைத் திருப்பி, முதுகு மேட்டையும் உடலின் பருமனையும் காட்டி அச்சுறுத்தும். பெரும்பாலும் சண்டை அந்த அளவிலேயே முடிந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது ஒரு மொழி. எனக்கு அன்று அந்த மொழி தெரியவில்லை. உயிருக்கே ஆபத்தாகியிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தை நான் தவறாகப் படித்தேன். என்னைக் காத்தவர் அதைச் சரியாகப் படித்தார். முதியவரின் வாயில் வந்த பெயரும் என்னைச் சிந்திக்க வைத்தது. 'மாடு' என்றார் அவர்; 'எருமை' என்று சொல்லவில்லை.

மலையில் வாழும் பலரும் நாளேடுகளும் இவ்விலங்கைக் 'காட்டெருமை' என்றே வழங்குகிறார்கள். ஆங்கிலம் பயின்றவர்கள் 'பைசன்' என்பார்கள். இரண்டு பெயர்களும் பிழையானவை. பைசன் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வேறு விலங்கு. வேட்டைக்கு வந்த வெள்ளையர் தமக்குத் தெரிந்த பெயரை இங்கே சூட்டிவிட்டுப் போனார்கள். உண்மையான காட்டெருமை அசாமின் காசிரங்கா போன்ற ஈரநிலங்களில் வாழ்கிறது. எருமை சேற்றில் புரளும். நம் மலைவிலங்குக்கு அந்த வழக்கம் இல்லை. அது மாட்டினம். 1827இல் அறிவியலார் அதற்குச் சூட்டிய பெயரிலும் மாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே முன்னிற்கிறது. வடகிழக்கு மலைகளில் மக்கள் வளர்க்கும் மிதுன் என்ற கால்நடை இதன் வழிவந்ததே.

தமிழுக்கு இது புதிய செய்தியா? இல்லை. 'ஆமா' என்ற சொல் நம்மிடம் இருந்தது. ஆ என்றால் பசு. மா என்றால் விலங்கு. பசுவினத்து விலங்கு என்பதை இரண்டே எழுத்துகளில் சொல்லிவிட்டது பழந்தமிழ். திருமுருகாற்றுப்படையில் பழமுதிர்சோலையின் அருவியைப் பாடும் பகுதியில் இந்த ஆமா வருகிறது. அந்நூல் போற்றும் திருவாவினன்குடி, நான் நின்ற மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனியே ஆகும். அடிவாரத்துக் கோயிலைப் பாடிய நூலில் இருந்த பெயர், மலைமேல் வாழும் நம் நாவில் இல்லை. நூலறிவு இல்லாத முதியவர் 'மாடு' என்று உண்மைக்கு அருகில் நிற்கிறார். தமிழ் படித்த நாம் 'காட்டெருமை' என்று தொலைவில் நிற்கிறோம்.

பெயர்தானே, அதனால் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். எருமை என்ற சொல்லுக்கு நம் வழக்கில் ஒட்டியிருக்கும் குறிப்புகளை நீங்கள் அறிவீர்கள். மந்தம், முரட்டுத்தனம், எமனின் ஊர்தி. அவை எருமைக்கே நியாயமற்றவை. ஆமாவுக்குச் சற்றும் பொருந்தாதவை. செய்தித் தலைப்புகளைப் பாருங்கள். 'ஊருக்குள் புகுந்த காட்டெருமை', 'காட்டெருமை அட்டகாசம்'. புகுந்தது என்ற வினைச்சொல்லே ஒரு தீர்ப்பை உள்ளே வைத்திருக்கிறது. யார் எங்கே புகுந்தார் என்ற வழக்கை விசாரிக்காமலே சொல்லப்பட்ட தீர்ப்பு அது.

வழக்கை நாமாவது சற்று விசாரிப்போம். ஆமா ஏன் கோல்ஃப் மைதானத்துக்கு வருகிறது? புல்லுக்காக வருகிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் இளம்புல் அங்கே ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. திறந்த வெளியாதலால் செந்நாயோ சிறுத்தையோ வந்தால் தொலைவிலேயே தெரிகிறது. ஓடி ஒளிய ஓரத்தில் மரக்கூட்டம் இருக்கிறது. ஆமாவோடு காட்டுப்பன்றி வந்து கிழங்குக்கும் புழுவுக்கும் மண்ணைக் கிளறுகிறது. அந்தி மயங்கினால் கேளையாடு ஓரத்துக்கு வந்து நிற்கிறது. புல்மேட்டில் புதர்ச்சிட்டு வாலை அசைத்தபடி அமர்ந்திருக்கிறது. சோலையின் விளிம்பில் சிரிப்பான் என்னும் பறவையின் குரல் கேட்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயர்மலைகளை அன்றி உலகில் வேறெங்கும் அது இல்லை. பழனிமலையில் பறவைகளைத் தேடி நடந்த ஃபேர்பேங்க் என்ற சமயத்தொண்டரின் பெயர் அதன் அறிவியல் பெயரில் 1869 முதல் நிலைத்திருக்கிறது.

ஆனால் இம்மலை முழுவதுமே ஒரு காலத்தில் புல்வெளியும் சோலையுமாகத்தானே இருந்தது? மைதானத்துக்கு வரவேண்டிய தேவை ஆமாவுக்கு எப்படி வந்தது? இங்கேதான் இன்னொரு பெயர்ப்பிழை குறுக்கிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக நிலம் பகுக்கப்பட்டிருக்கும். பள்ளத்து மரக்கூட்டத்துக்கு நம் 'சோலை' என்ற சொல்லையே உலக அறிவியல் எடுத்துக்கொண்டது. மேட்டுப் புல்வெளிக்கோ அப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை. மரம் இல்லாத இடம் பயனற்ற இடம் என்று ஆங்கில ஆட்சியின் வனத்துறை கருதியது. விடுதலைக்குப் பின்னும் அக்கருத்து மாறவில்லை. தரிசு என்று எண்ணப்பட்ட புல்வெளிகளில், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை என்று இங்கே வழங்கும் வாட்டில் மரமும், செயற்கைப் பட்டு இழைக்கான கூழுக்காக யூகலிப்டசும், மரத்துக்காகப் பைனும் நடப்பட்டன. நட்டவர்கள் தீயவர்கள் அல்லர். மரம் நடுவது புண்ணியம் என்று நம்பியவர்கள். நாமும் மரம் நடுவதைப் பற்றி எத்தனை கவிதைகள் எழுதியிருக்கிறோம்! புல்லைக் காக்கச் சொல்லி எத்தனை எழுதியிருக்கிறோம்?

புல்வெளி என்பது காடு அழிந்தபின் எஞ்சிய வெற்றிடம் என்ற எண்ணமும் தவறானது. நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இம்மலைகளில் புல் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று காட்டியது. மிகவும் பழமையான புல் அது. அந்தப் புல்லுக்கு நேர்ந்தது என்ன? பழனிமலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 1973இல் தொடங்கும் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்கிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் தோட்ட மரங்களும் வேளாண்மையும் எடுத்துக்கொண்டன. நம்முள் பலர் பிறந்து வளர்ந்து கவிதை எழுதத் தொடங்கிய அதே நாற்பது ஆண்டுகளில், நாம் குறிஞ்சி நிலம் என்று பாடிக்கொண்டிருந்தபோதே, அது நடந்து முடிந்தது.

குறிஞ்சிச் செடியும் புல்வெளியின் செடியே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, திறந்த புல்மேடுகளில் வெயில் வாங்கி வளர்வது. சீகை மரத்தின் அடர்நிழலில் அதற்கு வாழ்வில்லை. 2006இலும் 2018இலும் அது பூத்தபோது காணச் சென்றவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பூவைக் கண்டோம். பூ நின்ற நிலம் சுருங்கியதைக் கண்டோமா?

புல்வெளி நீரோடும் தொடர்புடையது. மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது புல் மூடிய இந்த மண். பழனிமலையின் தெற்குச் சரிவில் இறங்கும் நீர் வைகையோடு சேர்கிறது; வடக்குச் சரிவில் இறங்குவது அமராவதியை நோக்கிச் செல்கிறது. மலைப்புல்லை 'வீண்நிலம்' என்று அழைத்தவர்கள், மதுரைக்காரரின் குடத்தைப் பற்றியும் சேர்த்தே பேசிவிட்டார்கள் என்பதை அறியவில்லை.

இப்போது அந்த மைதானத்துக்குத் திரும்புவோம். அதை நான் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஆட்சி செய்தவர்கள் தம் ஊரை நினைவுபடுத்திக்கொள்ள வளைத்த நிலம் அது. அதன் புல்லும் மலையின் பழம்புல் அன்று; ஓயாமல் கத்தரிக்கப்படும் புல். ஆயினும் ஒரு வினோதம் நேர்ந்திருக்கிறது. சுற்றிலும் புல்வெளிகள் மரத்தோட்டங்களாகவும் காய்கறி வயல்களாகவும் விடுதிகளாகவும் மாறியபோது, விளையாட்டின் பொருட்டு இது வெளியாகவே விடப்பட்டது. விலங்குக்காக எவரும் ஒதுக்காத இடம், விலங்குக்குப் பயன்படும் இடமாயிற்று. நம் கருணையால் விளைந்தது என்று இதைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

கோல்ஃப் விளையாட்டின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் அவ்விளையாட்டு வளர்ந்தபோது புல் வெட்டும் பொறி கிடையாது. ஆடும் முயலும் மேய்ந்து கட்டையாக்கிய புல்லில்தான் பந்து உருண்டது. மேயும் உயிர்களே அந்த விளையாட்டுக்கு முதல் களம் அமைத்துக் கொடுத்தன. அப்படிப் பார்த்தால் கொடைக்கானல் மைதானத்தில் மேயும் ஆமா, அந்த விளையாட்டின் மூத்த பங்காளி.

ஆனால் விதிப்புத்தகம் அப்படிக் கருதுவதில்லை. 2019 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, நின்றிருக்கும் பந்தை ஒரு விலங்கு நகர்த்திவிட்டால் அது 'வெளித் தாக்கம்' ஆகும். தண்டனையின்றிப் பந்தைப் பழைய இடத்தில் வைக்கலாம். விலங்கு தோண்டிய பள்ளத்தில் பந்து விழுந்தால் சலுகை உண்டு. அபாயமான விலங்கு பந்தின் அருகே நின்றால், பாதுகாப்பான இடத்துக்குப் பந்தை மாற்றி ஆடலாம். விதி மிகவும் நாகரிகமானது. விலங்கை விரட்டச் சொல்லவில்லை, மனிதனை விலகிப்போகச் சொல்கிறது. இந்த அளவு பண்பு நம் நகராட்சிகளிடம் இருந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். எனினும் அந்த 'வெளி' என்ற சொல் என்னை உறுத்துகிறது. 1895இல் வந்தவர் உள்ளே. அதற்கு முன்பிருந்தே மலையில் இருக்கும் உயிர் வெளியே.

நண்பர்களே, இதையெல்லாம் சொல்லும்போது மலைவாழ் மக்களின் துன்பத்தை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நீங்கள் கருதக்கூடாது. கேரட்டும் பீன்சும் ஒரே இரவில் மிதிபட்டுப் போவதைக் கண்ட குடியானவரிடம் சென்று 'ஆமா என்று சொல்லுங்கள்' என்று கூறினால் அவர் நகைப்பார். கொடைக்கானல் பகுதியில் ஆமா முட்டிக் காயமுற்றவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் விறகுக்கும் வேலைக்கும் விடியலில் நடந்து செல்கின்றவர்கள். காரில் செல்வோர் அல்லர். மறுபுறம் மின்வேலியில் சிக்கியும், கிணற்றில் விழுந்தும் விலங்குகள் மடிகின்றன. குப்பையோடு நெகிழிப் பையையும் தின்கின்றன. 1968இல் முதுமலையிலும் பந்திப்பூரிலும் வெக்கை நோய் தாக்கி ஆமாக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டன. நம் வீட்டுக் கால்நடைகளின் நோய் அது. உலகிலிருந்தே அந்நோய் ஒழிக்கப்பட்டதாக 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. இருபுறமும் இழப்பு இருக்கிறது. ஒருபுறத்து இழப்பை மட்டும் எழுதும் கவிஞன் பாதிக் கவிஞனே.

2013இல் தமிழக அரசு ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. வரவேற்கத்தக்க செயல். அயல்மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அவற்றை வனத்துறையும் அறிவியலாரும் செய்யட்டும். நாம் செய்ய வேண்டியது என்ன?

தொல்காப்பியர் நிலத்துக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தார். கருப்பொருளில் தெய்வத்தையும் உணவையும் அடுத்து, மா, மரம், புள் என்று அடுக்கினார். விலங்கும் மரமும் பறவையும் இல்லாமல் ஒரு திணை நிரம்பாது என்பது அவர் கண்ட இலக்கணம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். இன்று நாம் குறிஞ்சியைப் பாடும்போது உரிப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டோம். காதல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது, பனி இருக்கிறது. மாவும் மரமும் புள்ளும் இல்லை. 'ஏதோ ஒரு பறவை' என்றும் 'பெயர் தெரியாத பூ' என்றும் எழுதுகிறோம். பெயர் தெரியாமைக்கு ஓர் அழகு இருப்பதாகவும் நம்பிக்கொள்கிறோம்.

இந்தப் பத்தாண்டுகளில் வட்டத்தின் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட என்னுடைய கவிதைகளை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். மலை என்ற சொல் பலமுறை வருகிறது. ஆமா ஒருமுறைகூட வரவில்லை. 'காட்டெருமை' ஒரு கவிதையில் வருகிறது. அதுவும் ஓர் அரசியல்வாதிக்கு உவமையாக. அந்தக் கவிதைக்கு இந்த அவை கைதட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அதை எழுதியதற்காக இன்று வெட்கப்படுகிறேன். நான் பார்த்திராத ஒன்றை, அதற்கு உரியதல்லாத பெயரால், அதற்கு இல்லாத குணத்துக்கு உவமையாக்கினேன். விடியலில் என்னை நிறுத்திய முதியவர் அக்கவிதையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே இந்த அவையின்முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த நீலக்குறிஞ்சி 2030இல் பூக்க வேண்டும். அதற்குள் நம்மில் ஒவ்வொருவரும் தம் ஊரைச் சுற்றி வாழும் பத்து உயிர்களின் பெயரை, அவற்றோடு பழகியவரின் வாயிலிருந்தே கேட்டு அறிந்து வருவோம். பை சுமப்பவர், மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், மலைவாழ் பளியர் ஆகியோர் நமக்கு ஆசிரியராகட்டும். நூலில் உள்ள பெயரை அவர்களிடம் சொல்வோம். அவர்கள் வைத்திருக்கும் பெயரை நாம் எழுதிக்கொள்வோம். அந்தக் குறிப்பேடு ஒன்று இருந்தால், நம் வட்டத்தின் அடுத்த மலரில் கவிதைகளுக்கு முன்பாக அதை அச்சிடலாம்.

அன்று காலை அந்த ஆமா அரைமணி நேரம் சாலையை விடவில்லை. நாங்கள் இருவரும் குளிரில் நின்றோம். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பின்னர் அது தலையைத் தாழ்த்தி, அவசரமில்லாமல் மைதானத்துக்குள் இறங்கியது. செம்பழுப்பு நிறக் கன்றோடு ஒரு பசுவும், அதன்பின் இன்னும் சிலவும் பனிக்குள்ளிருந்து வந்து சாலையைக் கடந்தன. கடைசி விலங்கு கடந்து முடியும்வரை அவர் அசையவில்லை. "போச்சுங்க, இனி நம்ம போகலாம்" என்றார். அவர் முன்னே நடக்க, நான் பின்னே நடந்தேன்.